ஒரு வாய் வெற்றிலை

காஷ்மீரில் குளிர் தொடங்கினால் மண்சட்டியில் கரித்தணல் போட்டு, அதைப் பிரம்புக் கூடைக்குள் இறக்கி, தொளதொளத்த கம்பளி அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடப்பார்கள். அதற்குக் காங்ரி என்று பெயர். அங்கே அடிவயிற்றுத் தோலிலும் தொடையிலும் புற்றுநோய் வருவதை மருத்துவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்கள். ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் கரையோரக் கிராமங்களில் பெண்கள் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள்ளே வைத்துப் புகைப்பார்கள். அவர்களுக்கு மேலண்ணத்தில் வரும். கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் கன்னத்தின் உட்புறத்தில், வெற்றிலையை ஒதுக்கிவைக்கும் அதே பக்கத்தில் வரும்.

நோய் உடலில் எங்கே குந்துகிறது என்பதைப் பார்த்தே அந்த ஊரார் காலை முதல் இரவு வரை என்ன செய்கிறார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். மேற்கு நாடுகளில் புகைத்தும் குடித்தும் வாய்ப் புற்றுநோய் தேடிக்கொண்டவர்களுக்கு அது பெரும்பாலும் நாக்கிலும், நாக்குக்கு அடியிலும் வரும். அதே நோய் நம் பக்கத்தில் கன்னத்துக்கு இடம் மாறிவிடுகிறது. மரபணு ஒருவரை நோய்க்கு ஏதுவானவராக ஆக்கலாம். ஆனால் இடது கன்னமா வலது கன்னமா என்று அது தீர்மானிப்பதில்லை.

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் வீதி மாவனெல்லையைத் தாண்டி மலையேறி, பாறையைக் குடைந்த துவாரத்தை ஒட்டிக் கடுகண்ணாவைக்கு வந்து சேர்கிறது. அந்தக் கணவாய்க்குக் கீழே சப்ரகமுவ மாகாணத்தின் கேகாலை மாவட்டம், மேலே மத்திய மாகாணத்தின் கண்டி மாவட்டம். இரண்டு பக்கத்திலும் கமுகு வளரும், வெற்றிலைக் கொடி படரும். இரண்டு பக்கத்திலும் வாய் பார்க்கும் வைத்தியர்களுக்கு வேலை ஓய்வதில்லை. கீழ்ப்பக்கத்து சப்ரகமுவவில் முப்பது வயதைத் தாண்டிய ஆயிரத்துச் சொச்சம் பேரின் வாயைத் திறந்து பார்த்து ஹேமந்த அமரசிங்கவும் சக ஆய்வாளர்களும் 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பின்னாளில் புற்றாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாய் இறுக்கம் ஆகியவற்றில் ஏதாவதொன்று நூற்றுக்குப் பதினொருவருக்கு இருந்தது. பஸ்ஸில் நம்மோடு வருகிறவர்களை எண்ணிப் பாருங்கள். ஒரு பஸ்ஸுக்கு ஐந்தாறு பேர்.

இலங்கை ஆண்களிடையே எல்லாப் புற்றுநோய்களிலும் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்குத்தான். அமெரிக்க ஆண்களின் பட்டியலிலோ அது முன்வரிசைக்கே வராது. அங்கே புரொஸ்டேட் முதலிடத்தில். ஜப்பானிலும் கொரியாவிலும் பிற நாடுகளைவிட மிகுதியாக வருவது இரைப்பை, அவுஸ்திரேலியாவில் வெள்ளைத் தோலில் வெயில் படிந்து வரும் மெலனோமா, மேற்கு ஆபிரிக்காவிலும் மொங்கோலியாவிலும் ஈரல். 2022-ல் உலகில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் ஏறக்குறைய 2 கோடிப் பேர், இறந்தவர்கள் 97 இலட்சம். மொத்தக் கணக்கு இதுதான். ஆனால் அந்த 2 கோடியும் எல்லா நாட்டிலும் ஒரே விகிதத்தில் பிரியவில்லை.

இப்படி நாட்டுக்கு நாடு ஒப்பிடும்போது ஒரு விஷயத்தைச் சரிசெய்தாக வேண்டும். புற்றுநோய் முதுமையோடு கூடி வருவது. முதியவர் நிறைந்த ஜப்பானையும் இளையவர் நிறைந்த உகண்டாவையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் ஜப்பானியர் எல்லோரும் நோயாளிகள் போலத் தெரிவார்கள். அதனால் இரு நாட்டுக்கும் ஒரே வயதுப் பங்கீடு இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்கைத் திருத்துவார்கள். அப்படித் திருத்திய பிறகும் வேறுபாடு மறையாது. சில புற்றுநோய்களில் ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் பத்து மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கும்.

அது இரத்தத்தில் வந்த வேறுபாடாக இருக்கலாமே என்ற சந்தேகம் நியாயமானது. அதைத் தீர்த்துவைத்தவர்கள் ஊர்விட்டு ஊர் போனவர்கள். ஜப்பானிலிருந்து ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் குடியேறியவர்களை வில்லியம் ஹென்ஸலும் மினோரு குரிஹாராவும் ஆராய்ந்து 1968-ல் எழுதினார்கள். உப்பில் ஊறிய மீனும் காய்கறியும் தின்ற ஊரில் இரைப்பைப் புற்றுநோய் மிகுதி, பெருங்குடல் புற்றுநோய் குறைவு. கடல் கடந்தவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் விரைவிலேயே அமெரிக்கர் அளவுக்கு ஏறியது. இரைப்பைப் புற்றுநோய் அவர்கள் பிள்ளைகளின் காலத்தில் இறங்கியது. மரபணு ஒரு தலைமுறையில் மாறாது. மாறியது சாப்பாட்டுத் தட்டு.

மலையகத் தமிழரும் ஊர்விட்டு வந்தவர்கள்தான். 1820-களில் கோப்பித் தோட்டங்களுக்காகவும், 1867-க்குப் பின் தேயிலைக்காகவும் தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் காட்டு வழியே நடந்து வந்தவர்கள். ஜப்பானியர் ஹவாயில் தங்கள் தட்டை மாற்றிக்கொண்டார்கள். நம்மவர்கள் வந்து சேர்ந்த மலையில் வெற்றிலையும் பாக்கும் ஏற்கெனவே காத்திருந்தன. மடியில் கட்டிக்கொண்டு வந்த பழக்கத்தைக் கைவிட ஒரு காரணமும் அமையவில்லை; தொடரத்தான் காரணங்கள் கூடின.

கண்டி இராச்சியத்துக்குப் பாக்கு ஒரு வருமானம். இந்த மலைகளில் விளைந்த பாக்கு துறைமுகங்களுக்கு இறங்கி, சோழமண்டலக் கரைக்குப் போய், துணியாகவும் அரிசியாகவும் திரும்பி வந்தது. அந்த வணிகத்தை யார் பிடிப்பது என்று ஒல்லாந்தரும் கண்டி அரசும் நெடுங்காலம் மல்லுக்கட்டினார்கள். 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681-ல் வெளியிட்ட தன் நூலில் இவ்வூர் மக்கள் வெற்றிலை போடுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். பாக்கு தெற்கிலிருந்து வடக்கே போனதுபோல, யாழ்ப்பாணப் புகையிலை வேறொரு திசைக்குப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்குப் பெரிய சந்தை திருவிதாங்கூர். சுருட்டுக்கல்ல, வாயில் போட்டு மெல்லுவதற்கு.

அந்தத் திருவிதாங்கூரில்தான் இந்த நோயின் முதல் பெரிய கணக்கு எழுதப்பட்டது என்பது தற்செயல் என்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனை இருந்தது. அங்கே பணியாற்றிய பென்டால் என்ற மருத்துவர் தம் பட்டறிவிலிருந்து 1,700 புற்றுநோயாளிகளைத் தொகுத்து 1908-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வாயில். அதே மருத்துவமனையில் பின்னர் பணியாற்றிய இயன் ஓர் 1933-ல் லான்செட் இதழில் இன்னும் நெருங்கிப் போனார்: வெற்றிலை போடுகிறவர்களின் வாயில் நோய் எப்படித் தோன்றுகிறது, எந்தப் பக்கத்தில், என்ன சேர்த்தால். லண்டனில் ரிச்சர்ட் டொல்லும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்துக் காட்டியது 1950-ல். அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே தமிழும் மலையாளமும் பேசும் எல்லைக் கிராமங்களில் ஒரு பழக்கமும் ஒரு புற்றுநோயும் கையும் மெய்யுமாகப் பிடிபட்டிருந்தன. பாடப்புத்தகங்கள் டொல்லை நினைக்கின்றன, நெய்யூரை நினைப்பதில்லை.

அதன்பின் ஜப்பானியரான தக்கேஷி ஹிராயாமா இந்தியாவிலும் இலங்கையிலும் ஆய்வு செய்து 1966-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதினார். அவர் கவனித்த ஒரு விஷயத்தை மலையகத்தில் யாரிடம் சொன்னாலும் தலையாட்டுவார்கள்: வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டே உறங்கிப்போகிறவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். மென்று துப்புகிறவரின் கன்னத்தில் அது சில நிமிடம் தங்கும். உறங்குகிறவரின் கன்னத்தில் விடியும்வரை தங்கும்.

இதில் ஒரு பெரிய தவறு நீண்ட காலம் நிலவியது. குற்றவாளி புகையிலை மட்டும்தான், பாக்கு பாவம், என்று மருத்துவ உலகமே நினைத்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-ல் புகையிலை சேர்த்த வெற்றிலைதான் புற்றுநோய் உண்டாக்கும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை உடைத்தது தாய்வான். அங்கே வெற்றிலை பாக்கில் புகையிலை சேர்ப்பதில்லை. லொறி ஓட்டுநரும் கட்டடத் தொழிலாளியும் விழித்திருப்பதற்காகப் பாக்கை மெல்லுவார்கள். வாய்ப் புற்றுநோய் அங்கேயும் ஏறிக்கொண்டே போனது. 2004-ல் வெளியான தொகுதியில் முகமை தன் முடிவைத் திருத்திக்கொண்டது: பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள், முதலாம் வகை. சிகரெட் புகையும் கல்நாரும் இருக்கும் அதே வகை.

தாய்வானில் 1995-ல் வெளியான இன்னோர் ஆய்வு வேறு ஒன்றைக் காட்டியது. பாக்கு மென்று, புகைத்து, குடிக்கவும் செய்கிறவர்களை இந்த மூன்றும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டார்கள். ஆபத்து 123 மடங்கு. மூன்று பழக்கமும் கூட்டல் கணக்காகச் சேர்ந்தால் அவ்வளவு வராது; அவை ஒன்றையொன்று பெருக்குகின்றன. மது வாயின் உட்தோலைத் தளர்த்தி மற்ற இரண்டின் நஞ்சும் உள்ளே இறங்க வழிவிடுகிறது. சம்பள நாள் மாலையில் கசிப்பும் வெற்றிலையும் பீடியும் ஒன்றாகப் புழங்கும் இடங்களை அறிந்தவர்களுக்கு இந்த எண் வெறும் எண்ணாகத் தெரியாது.

வாய்க்குள் நடப்பது என்ன? பாக்கு வெறுமனே கிடந்தால் வாய் சிவக்காது. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினால்தான் சிவக்கும். வாய் நன்றாகச் சிவந்தால் கட்டிக்கொண்டவருக்கு ஆசை அதிகம் என்று கேலி பேசுவது நம் வழக்கம். அந்தச் சிவப்பு ஒரு வேதியியல் செய்தி. சுண்ணாம்பு வாயைக் காரமாக்குகிறது. அந்தக் காரத்தில் பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் ஒட்சியேறிச் சிவக்கின்றன. அப்படிச் சிவக்கும்போதே, கண்ணில் பட்டதையெல்லாம் தாக்கும் ஒட்சிசன் துணுக்குகள் பிறக்கின்றன. அவை செல்லின் டி.என்.ஏ.வை அரிக்கும். புகையிலை சேர்ந்தால் அதிலுள்ள நைட்ரோசமைன்கள் உடலில் மாற்றமடைந்து டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும். அதே காரம் நிக்கொட்டினையும் விரைவாக இரத்தத்துக்குள் அனுப்பும். விட முடியாமல் போவதற்கு அதுவே காரணம். பாக்கிலுள்ள அரெகொலின் என்ற பொருளும் சும்மா இருப்பதில்லை. அதுவும் நரம்பைத் தூண்டி உற்சாகம் தரும், உடலைச் சூடாக்கும், பழக்கமாகும்.

அரெகொலின் செய்யும் இன்னொரு வேலை மெதுவானது. கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் கொலாஜன் நார்கள் உண்டு. உடல் அவற்றை உண்டாக்கிக்கொண்டே, பழையதை அழித்துக்கொண்டே இருக்கும். அரெகொலின் உண்டாக்குவதைத் தூண்டுகிறது, பாக்கில் மிகுதியாக இருக்கும் செம்பு நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதியை ஊக்குகிறது, அழிப்பது தடைபடுகிறது. மெல்லிய கன்னத் தோல் நனைந்து காய்ந்த மாட்டுத்தோல் வார்போல விறைத்துப்போகிறது. முதலில் உறைப்பு தாங்காது. கறியில் கொஞ்சம் மிளகாய் கூடினாலும் வாய் எரியும். பிறகு வாய் அகலத் திறக்காது. மூன்று விரலை நெட்டுக்கு நுழைக்க முடிந்த வாயில் இரண்டு விரல், பின் ஒரு விரல். சோற்று உருண்டையைச் சிறிதாக்கிக்கொண்டே வருவார்கள். இந்த நிலையை நவீன மருத்துவத்தில் முதலில் விவரித்தவர் ஷ்வார்ட்ஸ். 1952-ல் கென்யாவில், அங்கே குடியேறிய ஐந்து இந்தியப் பெண்களிடம் கண்டார். பழக்கம் கப்பலேறிய இடத்துக்கெல்லாம் நோயும் போயிருந்தது. கிழக்கு லண்டனில் வங்காளதேசத்தவர் வாழும் தெருக்களில் இன்றும் அதே கதைதான்.

இதில் வெற்றிலைக்கு மட்டும் விடுதலை. இலை தனியாகப் புற்றுநோய் உண்டாக்குவதாகச் சான்று இல்லை. அதிலுள்ள சில பொருள்கள் சோதனைக் கூடத்தில் கேட்டைத் தடுப்பவையாகவே தெரிகின்றன. சித்திரை வருஷப் பிறப்பில் பெரியவர்களுக்கு வெற்றிலை கொடுத்து வணங்கும் சிங்களக் குடும்பங்களும், நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டு மாற்றும் தமிழ்க் குடும்பங்களும் எதையும் இழக்க வேண்டியதில்லை. கையில் கொடுக்கும் வெற்றிலை யாரையும் கொன்றதில்லை. கன்னத்தில் ஒதுக்கும் பாக்கும் புகையிலையும்தான் கொல்கின்றன.

உலகக் கணக்கில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதை லான்செட் ஒன்கொலஜி இதழ் 2024-ல் சொன்னது. 2022-ல் உலகில் கண்டறியப்பட்ட 3,89,800 வாய்ப் புற்றுநோய்களில் 1,20,200 மெல்லும் புகையிலையாலும் பாக்காலும் வந்தவை என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். இந்தியாவின் பங்கு 83,400. இலங்கையின் பங்கு 1,300. சின்ன எண் என்று நினைக்க வேண்டாம். மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள், இரண்டு நாடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். ஒவ்வொரு இலட்சம் பேருக்கும் ஆண்டுக்கு ஆறு பேர், வரவே தேவையில்லாத ஒரு நோயோடு.

இந்த இடத்தில் நல்லெண்ணத்தோடு எழுதப்படும் சுகாதாரத் துண்டுப்பிரசுரங்களோடு எனக்குப் பிணக்கு உண்டு. அவை வெற்றிலை போடுவதை, மாலையில் எந்தப் படம் பார்க்கலாம் என்று தெரிவு செய்வதைப்போல எழுதுகின்றன. கலஹாவிலோ தெல்தோட்டையிலோ புசல்லாவையிலோ காலை ஏழரைக்கு மலைக்குப் போகும் பெண், கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பனியில் நிற்கிறாள். அட்டை கடிக்கும். நிறுவைக்குக் கீழே இறங்கி, ஏறி, மறுபடி பறிக்க வேண்டும். காலையில் தின்ற ரொட்டி பத்து மணிக்கே கரைந்துவிடும். ஒரு வாய் வெற்றிலை பசியை அடக்கும், குளிருக்குச் சூடு தரும், சலிப்பைப் போக்கும், விலையும் குறைவு. வேறு எந்தப் பண்டம் இத்தனை வேலையை அந்தக் காசுக்குச் செய்யும்? 2015-ல் நாடளாவிய ஆய்வில் இலங்கை ஆண்களில் நான்கில் ஒருவர் புகையற்ற புகையிலை பயன்படுத்துவது தெரிந்தது. நாட்டின் மொத்தப் பெண்களிடையே அது இருபதில் ஒருவர் அளவுக்குத்தான். தோட்டங்களில் பெண்களும் ஆண்களுக்கு ஈடாகப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு, அந்த நாடளாவிய சராசரி எதை மறைக்கிறது என்று தெரியும்.

சாப்பாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சப்ரகமுவ ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்தபோது, பழமும் காய்கறியும் குறைவாகச் சாப்பிட்டவர்களிடம் வாய்த் திட்டுகள் கூடுதலாக இருந்தன. மஞ்சளும் பச்சையுமான காய்கனிகளிலுள்ள சத்து பழுதுபட்ட செல்லுக்கு ஓரளவு கைகொடுக்கிறது. பப்பாசியும் கீரையும் முற்றத்தில் வளரும் ஊரில் இது எளிய யோசனைதான். ஆனால் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக்கு முற்றம் ஏது என்ற கேள்வியும் கூடவே வரும்.

தேநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை, இது தேயிலை நாடு என்பதால். ஈரானின் கோலெஸ்தான் பகுதியில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிகுதி. அங்கே தேநீரைக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பார்கள். 65 பாகை செல்சியசுக்கு மேல் சூடான பானங்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று 2016-ல் முகமை சொன்னது. சூடுதான் காரணம், இலை காரணமில்லை. ஹந்தானையிலிருந்து வரும் தேயிலைக்கு இதனால் பழுது எதுவுமில்லை. கொஞ்சம் ஆறவிட்டுக் குடித்தால் போதும்.

பழக்கத்தை மாற்றினால் நோய் உடனே இறங்குமா என்றால், இறங்காது. அமெரிக்காவில் சிகரெட் பற்றிய அரச மருத்துவ அறிக்கை வந்தது 1964-ல். ஆண்களின் நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது 1990-ஐ ஒட்டித்தான். செல்லில் விழுந்த காயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து புற்றாக இருபது முப்பது ஆண்டுகள் பிடிக்கும். இன்றைக்குக் கண்டிச் சந்தையில் இருபது வயதில் பாக்கும் புகையிலையும் வாயில் ஒதுக்கும் பையனின் கணக்கு 2050-ல் தான் வாசிக்கப்படும்.

எல்லாப் புற்றுநோயையும் பழக்கத்தின் தலையில் கட்டிவிடவும் கூடாது. 1981-ல் டொல்லும் ரிச்சர்ட் பீட்டோவும் அமெரிக்கப் புற்றுநோய் மரணங்களைப் பிரித்தபோது புகையிலைக்கு 30 சதவீதம் கொடுத்தார்கள். உணவுக்கு 35 என்று எழுதிவிட்டு, அது 10 முதல் 70 வரை எதுவாகவும் இருக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒப்புதலின் நேர்மை எனக்குப் பிடிக்கும். கிருமிகளால் வரும் புற்றுநோய் ஒரு பெரும் பகுதி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸுக்கு இலங்கை 2017 முதல் பள்ளிச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி போடுகிறது. பரம்பரையில் வருவது கொஞ்சம். செல் பிரியும்போது தானாக நேரும் பிழையால் வருவது இன்னும் கொஞ்சம். வெற்றிலையைத் தொட்டே பார்க்காதவருக்கும் நாக்கில் புற்றுநோய் வரலாம். நோயாளியின் கட்டிலருகே நின்றுகொண்டு "நீங்க போட்ட வெத்திலைதான்" என்று சொல்லும் உறவினர் அறிவியலையும் அறியவில்லை, மனிதத்தையும் அறியவில்லை.

இத்தனைக்கும் வாய்ப் புற்றுநோய்க்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது கண்ணுக்குத் தெரியும். ஈரலுக்குள் ஒளிவதில்லை, நுரையீரலில் பதுங்குவதில்லை. கண்ணாடியும் வெளிச்சமும் இருந்தால் புற்றாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே திட்டாகக் காட்டிக்கொடுக்கும். இதைப் பயன்படுத்திக்கொண்ட ஊர் கண்டி. கடுகண்ணாவையிலிருந்து பிலிமத்தலாவை வழியே கண்டிக்குப் போகும் பாதையில் பேராதனை வருகிறது. நாட்டின் பல் வைத்தியக் கல்வி கொழும்பில் 1943-ல் தொடங்கி, ஐம்பதுகளில் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அங்கே பணியாற்றிய சமன் வர்ணகுலசூரிய, பின்னாளில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் உலகறிந்த வாய்ப் புற்றுநோய் அறிஞர், 1984-ல் சக ஆய்வாளர்களோடு ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். மத்திய மாகாணத்தில் 34 அடிப்படைச் சுகாதாரப் பணியாளர்களுக்கு வாயைப் பார்க்கப் பயிற்சி கொடுத்தார்கள். வைத்தியர்கள் அல்லர், வீடு வீடாகப் போகிறவர்கள். ஓராண்டில் அவர்கள் 28,000-க்கு மேற்பட்டோரின் வாயைப் பார்த்து, 1,220 பேரைச் சந்தேகத்தின் பேரில் மேல் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அவர்கள் கண் பெரும்பாலும் சரியாகவே பார்த்திருந்தது. உலகில் இதுபோன்ற முயற்சிகளில் முன்னோடி இது.

இப்படிப் பார்ப்பதால் உயிர் தப்புமா என்ற கேள்விக்குப் பதில் கேரளத்திலிருந்து வந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கி, ஏறக்குறைய 1,90,000 பேரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பாதிப் பகுதிகளில் மட்டும் வீடு தேடிப்போய் வாயைப் பார்த்தார்கள். ரெங்கசாமி சங்கரநாராயணன் தலைமையில் 2005-ல் லான்செட்டில் வந்த முடிவு இது: புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, வாய் பார்க்கப்பட்ட பகுதிகளில் வாய்ப் புற்றுநோயால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஸ்கான் இல்லை, இரத்தப் பரிசோதனை இல்லை. ஒரு டோர்ச்சும் ஒரு ஜோடிக் கண்ணும்.

சட்டமும் ஒன்று உண்டு. 2006-ன் புகையிலை, மதுசார அதிகார சபைச் சட்டத்தின் கீழ் 2016-ல் புகையிலை கலந்த மெல்லும் கலவைகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை தடைசெய்யப்பட்டது. சிகரெட் பெட்டியில் 80 சதவீதம் படத்தோடு எச்சரிக்கை அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆனால் தடை பக்கெட்டில் விற்ற கலவையைத்தான் பிடித்தது. வீதியோரத்து வெற்றிலைக் கடையில் இலை, வெட்டிய பாக்கு, சுண்ணாம்பு, புகையிலைத் துண்டு எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. கேட்டவுடன் சேர்த்துச் சுருட்டிக் கையில் கொடுப்பார்கள். பாக்கை மட்டும் பதப்படுத்தி இனிப்பூட்டிப் பிள்ளைகளுக்கும் விற்பது பற்றி அந்தத் தடை வாய் திறக்கவில்லை. பாக்கே புற்றுநோய்ப் பொருள் என்று 2004-லேயே முடிவான பின்னும் இந்தத் தயக்கம் நியாயமில்லை என்பது என் கட்சி.

வீட்டில் வெற்றிலை போடுகிறவர் இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வலியில்லாத தடிப்பு, உறைப்புக்கு எரிச்சல், மூன்று விரல் நுழையாத இறுக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பேராதனை பல் வைத்தியசாலைக்கோ பக்கத்து அரச ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்கோ கூட்டிப் போங்கள். வலி வரட்டும் என்று காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. இந்த நோய் வலிக்கத் தொடங்கும்போது பாதி தூரம் போயிருக்கும். வெற்றிலையை ஒரேயடியாக விட முடியாதவர் முதலில் புகையிலையையும், பிறகு பாக்கையும் விடட்டும். வாயில் வைத்துக்கொண்டு உறங்குவதை இன்றிரவே விடட்டும்.

1984 ஆய்வில் இன்னொரு எண் உண்டு. மேல் பரிசோதனைக்கு வரச்சொன்ன 1,220 பேரில் வந்தவர்கள் பாதிக்குச் சற்றே அதிகம். மற்றவர்கள் வரவே இல்லை. தோட்டத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. தோட்ட நிருவாகங்களும் தொழிற்சங்கங்களும் கூட்டு ஒப்பந்தம் பேச உட்காரும்போது இந்த ஒன்றையும் மேசையில் வைக்கட்டும்: வருஷத்துக்கு ஒரு நாள், முழுப் பேரோடு, வாயைக் காட்டிவிட்டு வர.